செவியும் வாய்பாடும்

பாட்டு எழுதும் ஆற்றல் கற்று வருவதா, கருவிலேயே அமைவதா என்னும் வினா தமிழாசிரியர் கூடும் இடங்களில் அடிக்கடி எழுகின்றது. யாப்பையும் பண்ணையும் முறையாகப் பயின்றவனே பாட்டு எழுதத் தகுதியுடையவன் என்பர் ஒரு சாரார். உணர்ச்சி பெருகுங்கால் பாட்டுத் தானே வரும், இலக்கணம் அதற்குத் தளை என்பர் மற்றொரு சாரார். இவ்விரு சாராருக்கும் நடுவே மாணவன் நிற்கின்றான். முதல் சாராரின் சொல்லைக் கேட்டால் தேமா, புளிமா என எண்ணத் தொடங்கிப் பாட்டை மறந்துவிடுகின்றான். இரண்டாம் சாராரின் சொல்லைக் கேட்டால், எழுதியதெல்லாம் பாட்டே என நம்பித் திருத்தத்தை மறந்துவிடுகின்றான். ஆகவே இதனைப் புலவர்களின் பொழுதுபோக்கு வழக்காகக் கருதி ஒதுக்கிவிட இயலாது. நம் வகுப்பறைகளில் நாளை ஒரு பாட்டுப் பிறக்குமா என்பது இதற்கு நாம் கூறும் விடையைப் பொறுத்திருக்கின்றது.

ஈண்டுப் 'பாட்டு' என்பது பாடுவதற்கென்றே இயற்றப்படுவதைக் குறிக்கும். கீர்த்தனை, சிந்து, கும்மி, தாலாட்டு, திரைப்பாடல், குழந்தைப் பாடல் ஆகியவை இதனுள் அடங்கும். ஏட்டில் கண்ணால் படித்து இன்புறுவதற்காக எழுதப்படும் செய்யுள் வேறு. இவ்வேறுபாட்டை மறந்து வழக்காடுவதனாலேயே இருசாராரும் பல இடங்களில் ஒருவர் சொல்வதை மற்றவர் கேளாமலே பேசுகின்றனர்.

ஒரு பாயிரத்தின் கதை

இவ்வழக்கை ஆராய்வதற்கு ஏற்ற சான்று ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழகத்தில் உண்டு. கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையே அது. அந்நூலுக்குச் சிறப்புப் பாயிரம் பெற விரும்பிய பாரதியார், திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை (1815–1876) அணுகினார். பிள்ளையவர்களோ நூலில் இலக்கணப் பிழைகள் இருத்தலையும், சேக்கிழார் கூறிய வரலாற்றினின்று கதை விலகிச் செல்லுதலையும் கண்டு, பாயிரம் தராமல் நாள் கடத்தினார். பெரியபுராணத்தில் இல்லாத வேதியராகிய பண்ணையார் ஒருவரைப் பாரதியார் தம் நூலிற் படைத்திருந்தார். பாரதியார் சலியாமல் மீண்டும் மீண்டும் வந்தார். ஒரு நாள் அவர் புறத்தே அமர்ந்து தம் கீர்த்தனைகளைப் பாடினார். உள்ளிருந்து கேட்ட மகாவித்துவான் உள்ளம் உருகினார். பாயிரம் கிடைத்தது. பிள்ளையவர்களின் மாணவராகிய உ. வே. சாமிநாதையர் வழியாகவே இச்செய்தியை நாம் அறிகின்றோம்.

இந்நிகழ்ச்சியை மேடைகளில் எடுத்துரைப்போர், இலக்கணம் தோற்றது, உணர்ச்சி வென்றது என்று முடிவு கூறிவிடுகின்றனர். இம்முடிவு கேட்பதற்கு இனிமையானதே. ஆயினும் இது பாதி உண்மைதான். பாரதியார் இசை அறியாத எளிய பத்தர் அல்லர். கருநாடக இசையில் நன்கு பயின்றவர். இந்துஸ்தானி இசையையும் கற்றவர். கதைப் பாட்டு நிகழ்த்தும் முறையை நன்கு அறிந்தவர். நந்தனார் சரித்திரத்திலே கீர்த்தனைகளோடு சிந்து, நொண்டிச் சிந்து, இருசொல் அலங்காரம் முதலிய பலவகை வடிவங்களை இடமறிந்து ஆண்டிருக்கின்றார். எவ்விடத்தில் பாட்டு விரைய வேண்டும், எவ்விடத்தில் நின்று இரங்க வேண்டும் என்பதை அவர் கற்றே அறிந்திருந்தார். எனவே மகாவித்துவானின் கண்ணுக்குப் பட்ட பிழைகளை, இலக்கணமே இல்லாமையின் விளைவு என்று கொள்வதற்கில்லை. பாரதியார் ஓர் இலக்கணத்துக்கு அடங்கி நடந்தபோது மற்றோர் இலக்கணத்தினின்று வழுவினார் என்று கொள்வதே பொருந்தும்.

இதற்குத் துணையாக மற்றொரு செய்தியும் உண்டு. மாயூரத்தில் தங்கியிருந்த காலத்தில் இளைஞராகிய சாமிநாதையர் பாரதியாரிடம் இசை பயின்றார். அதனை அறிந்த பிள்ளையவர்கள், இசையில் மனம் ஈடுபட்டால் இலக்கண இலக்கியப் பயிற்சியில் ஆழ்ந்து செல்ல இயலாது என்று கருதினார். ஆசிரியரின் விருப்பத்துக்கு இணங்கிச் சாமிநாதையர் இசைப் பயிற்சியை நிறுத்திக்கொண்டார். சங்க நூல்களைத் தேடிப் பதிப்பித்த பெருந்தொண்டு பின்னர் அவரால் நிகழ்ந்தமையால், அம்முடிவால் தமிழுக்கு நட்டம் எதுவும் இல்லை எனலாம். எனினும், இயலும் இசையும் ஒன்றையொன்று ஐயத்தோடு பார்க்கும் நிலை அக்காலத்துப் பெரும்புலவரிடத்தும் இருந்தது என்பதை இது காட்டுகின்றது. அவ்வையம் இன்னும் நம்மை விட்டு நீங்கவில்லை.

இருவரும் ஒருவரை ஒருவர் அறிதல்

இயலையும் இசையையும் இவ்வாறு பிரித்துப் பார்ப்பது நம் பழைய மரபன்று. பரிபாடலின் இறுதிக் குறிப்புக்களை நோக்குவோம். பாட்டு இயற்றிய புலவர் பெயர் ஒன்றாகவும், அதற்கு இசை வகுத்தவர் பெயர் மற்றொன்றாகவும் குறிக்கப்பட்டுள்ளன. பெட்டனாகனார், நன்னாகனார், கண்ணனாகனார் என இசை வகுத்தோர் பெயர்கள் நமக்குக் கிடைக்கின்றன. பாலையாழ், நோதிறம், காந்தாரம் எனப் பண்ணும் குறிக்கப்பட்டுள்ளது. பாட்டாசிரியர் ஒருவர், இசையமைப்பாளர் ஒருவர் என்னும் பிரிவு திரைப்படம் கொண்டுவந்த புதுமை அன்று என்பதற்கு இதுவே போதிய சான்று.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை இன்னும் ஒருபடி மேலே செல்கின்றது. ஆடல் அரங்குக்கு வேண்டிய ஆசிரியர்களின் தகுதிகளை வகுத்துரைக்கும் இளங்கோவடிகள், இசையாசிரியன் கவிஞனுடைய உள்ளக் குறிப்பை அறிந்தவனாக இருத்தல் வேண்டும் என்கின்றார். புலவனோ, தமிழ் முழுதும் அறிந்திருப்பதோடு, இசையாசிரியன் அமைத்த தாளத்தின் போக்கை உணர்ந்து அதற்குப் பொருந்தச் சொல்லை வைக்க வல்லவனாக இருத்தல் வேண்டும் என்கின்றார். மெட்டுக்குப் பாட்டெழுதுவது தாழ்ந்த தொழில் என்று கருதுவோர் இப்பகுதியை ஒருமுறை படித்தல் நலம். அடிகள் கேட்கும் தகுதிகளிலே 'அறிதல்' உண்டு, 'உணர்தல்' என்பதும் உண்டு. இரண்டையும் ஒரே மனிதனிடம் அவர் எதிர்பார்க்கின்றார்.

பிற்காலத்திலும் இவ்விருவகை உறவு தொடர்ந்தது. சீகாழி அருணாசலக் கவிராயரின் (1711–1779) இராம நாடகக் கீர்த்தனைக்கு இசையமைத்தவர்கள் அவருடைய மாணவர் இருவர் என்பது மரபு. பாபநாசம் சிவன் (1890–1973) போன்றோர் சொல்லையும் இசையையும் ஒருங்கே படைத்தனர், திரைக்கும் பாட்டெழுதினர். திரையுலகில் மெட்டு முந்தியும் பாட்டுப் பிந்தியும், பாட்டு முந்தியும் மெட்டுப் பிந்தியும் பாடல்கள் பிறந்துள்ளன. கண்ணதாசனும் எம். எஸ். விசுவநாதனும் இவ்விரு முறைகளிலும் பணியாற்றியவர்கள். எம்முறையிலே பிறந்தது என்பதைக் கேட்போர் அறியார். அறியவேண்டிய தேவையும் அவர்க்கு இல்லை. சொல்லும் இசையும் ஒன்றோடொன்று பொருந்தினவா என்பதே அவர்தம் செவி கேட்கும் கேள்வி.

பாட்டு முன்னே, நூல் பின்னே

இலக்கணத்திலிருந்து பாட்டுப் பிறக்கின்றது என்னும் கொள்கைக்கு இலக்கிய வரலாறு துணை நிற்கின்றதா? பெரும்பாலும் இல்லை என்றே கூறவேண்டும். பதினைந்தாம் நூற்றாண்டில் அருணகிரிநாதர் திருப்புகழைப் பாடினார். தத்தன, தந்தன, தய்யன என விரிந்து செல்லும் அச்சந்தங்களுக்குரிய இலக்கணத்தை 'வண்ணத்தியல்பு' என்னும் நூலாக வகுத்தவர் வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள் (1839–1898). பாட்டுக்கும் அதன் இலக்கண நூலுக்கும் இடையே ஏறக்குறைய நான்கு நூற்றாண்டு இடைவெளி உள்ளது.

சிந்தின் வரலாறும் இத்தகையதே. கிராமத் தெருக்களிலும் காவடி செல்லும் வழிகளிலும் சிந்து தலைமுறை தலைமுறையாகப் பாடப்பட்டது. சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் காவடிச் சிந்தினால் அதற்குப் புலவர் அவையிலும் இடம் பெற்றுத் தந்தார். பாரதியார் அவ்வடிவங்களை நாட்டுக்கும் விடுதலைக்கும் உரியவை ஆக்கினார். 1912இல் வெளிவந்த பாஞ்சாலி சபதத்தின் முன்னுரையில், எளிய சொல், எளிய நடை, மக்கள் அறிந்த மெட்டு ஆகியவற்றைக் கொண்டு காவியம் செய்வதைப் பற்றி அவர் எழுதினார். சிந்துக்கு விரிவான இலக்கணமாகிய 'சிந்துப் பாவியல்' இவர்கள் எல்லாருக்கும் பின்னரே, இசையறிந்த தமிழறிஞர் இரா. திருமுருகனாரால் எழுதப்பெற்றது. எழுத்தெண்ணிக்கையும் இசை நீட்டமும் சிந்தில் எவ்வாறு இயங்குகின்றன என்பதை அந்நூல் தெளிவுறுத்தும் வரை, வெண்பாவுக்கும் விருத்தத்துக்கும் உரிய அளவுகோலைக் கொண்டே பலர் சிந்தை அளந்து, பிழையென்று ஒதுக்கினர்.

நம் மண்ணின் வரலாற்றிலும் இதற்கொரு சான்று உண்டு. 1887இல் சதாசிவ பண்டிதரின் சிங்கைநகர் அந்தாதி சிங்கப்பூரில் வெளிவந்தது. அதற்கு ஆறாண்டு கழித்து, 1893இல், அதே நகரில் ரெங்கசாமி தாசன் என்பார் இயற்றிய அதிவிநோதக் குதிரைப் பந்தய லாவணி வெளிவந்தது. முன்னது இலக்கண மரபு வகுத்த வடிவம். பின்னது தெருவிலும் திடலிலும் பாடிக் கேட்கும் வடிவம். நம் வரலாற்றில் இரண்டும் அடுத்தடுத்தே தோன்றின. அந்தாதியை இலக்கியமாகவும் லாவணியை வேடிக்கையாகவும் மட்டும் கொள்ளும் ஆசிரியர், இந்நாட்டுத் தமிழ்ப் பாட்டு மரபின் ஒரு கண்ணை மூடிவிட்டவர் ஆவர்.

இயல்பு எனப்படுவது யாது?

இனி இரண்டாம் சாராரின் வாதத்தை நோக்குவோம். கல்லாத தாய் தாலாட்டுப் பாடுகின்றாள். உறவினரை இழந்த பெண் அவ்விடத்திலேயே ஒப்பாரி கட்டிப் பாடுகின்றாள். இவர்கள் எந்த இலக்கணத்தைக் கற்றனர் என்பது அவர்தம் வினா. வினா வலியதே. ஆனால் அப்பாடல்களைக் கூர்ந்து கேட்டோமானால், அவற்றில் வாய்பாடுகள் நிறைந்திருத்தலைக் காணலாம். விளிக்கும் முறை, உறவினரை வரிசையாக அழைக்கும் முறை, ஒரே அடியைச் சொல் மாற்றித் திருப்பும் முறை, பொன்னும் முத்தும் பட்டுமாகிய அடைமொழிகள், அடியின் இறுதியில் வரும் இழுவை ஆகிய யாவும் தாயிடமிருந்தும் பாட்டியிடமிருந்தும் கேட்டுப் பெற்றவை. புதிதாகப் பாடும் பெண் அவ்வாய்பாடுகளை எடுத்துத் தன் துயருக்கு ஏற்ப அடுக்குகின்றாள். இயல்பாகப் பிறந்தது என்று நாம் வியக்கும் பாட்டில்தான் வாய்பாடு மிகுதி! அது நூலில் எழுதப்படவில்லை என்பது ஒன்றே வேறுபாடு.

நம் ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த மக்களும் இவ்வாறே பாடினர். ஊரிலே நாற்று நடும்போது பாடிய மெட்டிலே, கப்பலேறி வந்த கதையும் கங்காணியின் கெடுபிடியும் இடம்பெற்றன. மெட்டுப் பழையது, பொருள் புதியது. மெட்டு அவர்களுக்குக் கைவந்திருந்ததனால்தான் புதிய துன்பத்தை உடனே பாட்டாக்க முடிந்தது. பாரதியாரும் தம் குயில் பாட்டில், ஏற்றம் இறைப்போர், நெல் குத்துவோர், சுண்ணம் இடிப்போர் முதலிய உழைப்பாளரின் பாட்டுக்களில் நெஞ்சைப் பறிகொடுத்தமையைக் கூறுகின்றார். அவர்தம் சந்தங்களின் உயிர்ப்புக்கு அச்செவிப் பயிற்சியும் ஒரு காரணம் எனலாம்.

நம் அண்டை அயலாரிடமிருந்தும் ஒரு சான்று காட்டலாம். சிங்கப்பூரின் நாட்டுப்பண்ணை 1958இல் இயற்றிய சுபிர் சைட் (1907–1987) பெரும்பாலும் தாமே இசை கற்றவர். ஆயினும் பள்ளிப் பருவத்தில் எண்களால் சுரங்களைக் குறிக்கும் முறையை அவர் கற்றுக்கொண்டார். பின்னர் நாடகக் குழுவில் பணியாற்றிய காலத்தில் மேனாட்டு இசைக்குறிப்பையும் பயின்றார். ஆசிரியர் இன்றிக் கற்றவர் என்பதனால் கல்வியே இன்றிப் படைத்தவர் என்று பொருளாகாது. தம் செவி அறிந்ததை உறுதிப்படுத்திக்கொள்ளும் வழியை அவர் தேடிச் சென்றார்.

இவற்றால் நாம் பெறும் முடிவு யாது? இயல்பு என்று நாம் அழைப்பது, நெடுங்காலம் கேட்டுக் கேட்டுச் செவியிலே படிந்துவிட்ட விதியே. கற்றவர் அதனை நூலிலிருந்தும் ஆசிரியரிடமிருந்தும் பெறுகின்றார். கல்லாதவர் வயலிலிருந்தும் தொட்டிலருகிலிருந்தும் பெறுகின்றார். விதியே அறியாத செவியிலிருந்து பாட்டுப் பிறந்ததாக நம் மரபில் சான்று காண்பது அரிது.

தொண்டை அறிந்த இலக்கணம்

ஆயின் இலக்கண நூலால் பாட்டுக்குப் பயன் யாது? பயன் உண்டு, அதனை நாம் சரியான இடத்தில் தேடுவதில்லை. ஒரு கும்மி மெட்டை எடுத்துக்கொள்வோம். 'தான தனத்தன தானதனா' என்பது அதன் ஓட்டம் என்க. இறுதி எழுத்து நீண்டு நிற்கும். மாணவன் ஒருவன், 'காலை மலர்ந்தது பாரடியோ' என்று எழுதினால் பாடுவோர்க்கு இடர்ப்பாடு இல்லை. இறுதியில் நிற்கும் ஓகாரத்தில் குரல் தங்குகின்றது. அம்மாணவனே அடுத்த அடியில், 'காதில் விழுந்தது குயில்பாட்டு' என்று எழுதுவானாயின் இடர் தோன்றும். பொருள் நன்று, எழுத்தெண்ணிக்கையும் குறையவில்லை. ஆனால் மெட்டு நீண்டு நிற்கவேண்டிய இடத்தில் 'டு' என்னும் குற்றியலுகரம் வந்து நிற்கின்றது. அரை மாத்திரையே உடைய ஒலியை இரண்டு தட்டு, மூன்று தட்டு என நீட்டினால் சொல் சிதையும்; நீட்டாவிடில் தாளம் வெறுமையாகும்.

இவ்விடத்தில் செவி 'சரியில்லை' என்று மட்டும் கூறும். ஏன் சரியில்லை என்று கூறுவது இலக்கணம். குற்றியலுகரத்துக்கு அரை மாத்திரை என்று ஏட்டிலே மனப்பாடம் செய்த விதி, இங்கே உயிர் பெற்று எழுகின்றது. ஒற்றளபெடையும் அவ்வாறே. நீளக்கூடிய ஒற்றுக்களாக மெல்லின மெய்களையும் ய, ல, வ, ள ஆகியவற்றையும் ஆய்தத்தையும் எண்ணிய நன்னூலார், வல்லின மெய்களைச் சேர்க்கவில்லை. ம், ன், ல் என்பவற்றில் குரல் தங்கி இசைக்கலாம். க், ட், ப் என்பவற்றிலே மூச்சு அடைபட்டு நிற்கும். இவ்விதியை வகுத்தவர்கள் தொண்டையையும் நாவையும் உற்றுநோக்கியே வகுத்தனர். தொல்காப்பியர் கூறும் இருபது வண்ணங்களின் பெயர்களை எண்ணிப் பாருங்கள்: உருட்டு, முடுகு, தூங்கல், ஒழுகு. இவை செவி இட்ட பெயர்களே அன்றோ? நம் இலக்கணம் பாட்டுக்குப் பகையாகப் பிறக்கவில்லை. கேட்காமலே கற்பிக்கும் நம் பழக்கமே அதனைப் பகையாக்கியது.

சொல்லைப் பிரிக்கும் இடமும் இத்தகையதே. 'தாமரை' என்னும் சொல்லின் முதலெழுத்தை ஒரு தாள வட்டத்தின் இறுதியிலும், எஞ்சியதை அடுத்த வட்டத்தின் தொடக்கத்திலும் வைத்துப் பாடினால், கேட்போர் செவியில் 'தா' என்று இரப்பதும் 'மரை' என்னும் விலங்கும் வந்து விழும். சீர் நிரம்புவதற்காகச் சொல்லைப் பிளப்பதை யாப்பு நூலார் வகையுளி என்றனர். ஏட்டில் பொறுத்துக்கொள்ளப்படும் வகையுளி, பாட்டில் பொருளையே கெடுத்துவிடும். யாப்பில் தேர்ந்த புலவர் சிலர் எழுதிய இசைப்பாடல்கள் மேடையில் நில்லாமைக்குக் காரணம் இங்குதான் உள்ளது. அவர்கள் அசையை எண்ணினர். தாளம் விழும் இடத்தை எண்ணவில்லை.

விதியின் எல்லை

இனி, விதி எவ்வளவு தூரம் செல்லும் என்பதையும் கூறவேண்டும். விதியே ஒரு படைப்புக்குத் தூண்டுகோலாக அமைவதும் உண்டு. 1985இல் வெளிவந்த சிந்து பைரவி திரைப்படத்தில், கலியாணி இராகத்தின் ஏறு நிரலை மட்டுமே கொண்டு, இறங்கு நிரல் இன்றி, இளையராஜா ஒரு பாடலை அமைத்தார். கேட்போரிற் பலர் இக்கட்டுப்பாட்டை அறியாமலே அப்பாடலை விரும்பினர். கட்டுப்பாடு படைப்பாளிக்கு ஒரு புதிரைத் தந்தது. புதிரை விடுக்கும் முயற்சி பழகிய தடத்திலிருந்து அவரை விலக்கியது. அப்பாடல் இனிப்பது, கட்டுப்பாட்டைக் கடைப்பிடித்த பின்னும் அஃது ஒரு வேண்டுதலாக ஒலிப்பதனால்தான். அதே கட்டுப்பாட்டை வேறொருவர் மேற்கொண்டால் வெறும் சுரப்பயிற்சியாக முடிதலும் கூடும். திருப்புகழின் சந்தத்தை அப்படியே எடுத்து எழுதப்பட்டு, எழுதியவரோடு மறைந்த வண்ணப் பாக்கள் எத்தனை! வாய்பாடு ஒன்றே, உயிர் அங்கு இல்லை.

விதி தன் எல்லையை ஒப்புக்கொள்ளும் காட்சி ஒன்றைச் சேக்கிழார் காட்டுகின்றார். திருஞானசம்பந்தரின் பதிகங்களைத் திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழில் இட்டு வாசித்து வந்தார். பாணரின் யாழினாலேயே பதிகம் சிறக்கின்றது என்று அவருடைய சுற்றத்தார் பேசினர். மனம் வருந்திய பாணர், யாழில் அடங்காத ஒரு பதிகம் அருளுமாறு வேண்டினார். தருமபுரத்தில் சம்பந்தர் அவ்வாறே பாடினார். பாணர் வாசிக்க முயன்றார். நரம்பில் அது அடங்கவில்லை. யாழை உடைக்க ஓங்கினார். சம்பந்தர் தடுத்து, இயன்ற அளவு வாசிக்குமாறு பணித்தார். 'யாழ்மூரி' என வழங்கும் அப்பதிகத்தின் வரலாறு இது.

இக்கதையைப் பாட்டின் வெற்றியாகவும் யாழின் தோல்வியாகவும் கூறி நிறுத்திவிடுதல் வழக்கம். கதையின் இறுதிப் பகுதியே நமக்கு இன்றியமையாதது. யாழ் உடைபடவில்லை. அடங்காத ஒன்று உண்டு என்பதற்காக, அடங்குகின்றவற்றை அளக்கும் கருவியை முறித்துப் போடவேண்டியதில்லை என்பதே சம்பந்தர் செயலால் விளங்குவது. இலக்கணம் வேண்டா என்று முழங்கும் நம் இளைஞர்களும், இலக்கணத்தில் அடங்காதது பாட்டே அன்று என்று முழங்கும் நம் முதியவர்களும் இவ்விடத்தில் சிறிது நின்று செல்லுதல் தகும்.

மீண்டும் நந்தனார் சரித்திரத்தை மதிப்பிடுவோம். அந்நூலில் குறை உண்டு. சில கீர்த்தனைகளின் சரணங்கள் பல்லவி கூறியதையே சொல் மாற்றிக் கூறி இடம் நிரப்புகின்றன. புலவர் நாவுக்கு ஒவ்வாத கொச்சைச் சொற்களும் உள்ளன. ஆனால் தில்லையைக் காணத் துடிக்கும் பண்ணையாளின் ஏக்கமும், அவனைத் தடுத்து நிறுத்தும் நில உடைமையின் அதட்டலும் அக்கொச்சையினாலேயே உண்மை பெறுகின்றன. செம்மைப்படுத்திய மொழியில் அவ்வதட்டல் மேடைப் பேச்சாக மாறியிருக்கும். 1935இலும் 1942இலும் நந்தனார் கதை திரைப்படமாகி மக்களை ஈர்த்தமைக்கு, நூற்றாண்டின் பெரும்பகுதி அக்கதையை நாவிலும் செவியிலும் வைத்திருந்த அக்கீர்த்தனைகள் பெருங்காரணம். காவடிச் சிந்தோ எதுகையும் இயைபும் சந்தமும் செறிந்து, புலவரும் குறைகூற இயலாத வடிவச் செம்மை உடையது. முன்னதில் தேவை வடிவத்தை இழுத்துச் செல்கின்றது; பின்னதில் வடிவமே ஆட்டமாகிக் காவடி சுமப்போனின் அடியை நடத்துகின்றது. இரண்டும் நிற்கின்றன. சொல்வதற்கு ஒன்று உள்ளத்தில் இருந்தமையும், அதனைத் தாங்கும் செவி பழகியிருந்தமையும் இரண்டுக்கும் பொதுவானவை.

ஆசிரியர் கடன்

இவ்வாராய்ச்சி ஏட்டோடு நின்றுவிடுதல் கூடாது. பாட்டெழுதும் போட்டிகளுக்கு மாணவரை ஆயத்தம் செய்யும்போது நாம் அசை, சீர், தளை என்று தொடங்குகின்றோம். அம்முறையைத் தலைகீழாக மாற்றுதல் நலம் என்பது என் கருத்து. முதலில் மாணவன் கேட்கவேண்டும். கும்மி, சிந்து, தெம்மாங்கு, தாலாட்டு ஆகிய நான்கு மெட்டுக்களையாவது வாய்விட்டுப் பாடிப் பழகவேண்டும். இரண்டாவதாகக் கைதட்டி, எவ்வெழுத்தில் தட்டு விழுகின்றது என்று கண்டறியவேண்டும். மூன்றாவதாக, தான் நேரில் அறிந்த ஒரு பொருளை அம்மெட்டில் வைத்து எழுதவேண்டும். அதனை மற்றொரு மாணவன் பாடவேண்டும். பாடுவோன் தடுமாறும் இடங்களில் கோடிட்டு, அவற்றை விளக்கும் விதியை ஆசிரியர் அப்போது கற்பிக்கவேண்டும். அவ்வாறு கற்ற குற்றியலுகரத்தை எந்த மாணவனும் மறவான்.

இம்முறைக்கு ஒரு தடை உண்டு, அதனையும் மறைத்தற்கில்லை. கேட்பதற்குரிய பாட்டுக்கள் நம் சூழலில் அருகி வருகின்றன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தபோது, தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் பாடிய முதியோர் சிதறிப் போயினர். அவர்களோடு பாட்டு மட்டும் மறையவில்லை, இயல்பு என்று நாம் போற்றும் செவிப்பயிற்சியும் மறைந்து வருகின்றது. இன்றைய மாணவனின் செவியில் நிறைந்திருப்பவை பெரும்பாலும் திரைமெட்டுக்களே. அவற்றை இகழவேண்டியதில்லை, பட்டுக்கோட்டை கலியாணசுந்தரம் (1930–1959) உழைப்பாளரின் குரலை ஒலிக்கச் செய்தது அம்மெட்டுக்களின் வழியாகத்தான். ஆனால் ஒரே ஊற்றிலிருந்து மட்டும் நீர் அருந்தும் செவி வேறு சுவை அறியாது. எஞ்சியுள்ள முதியோரிடம் மாணவரை அனுப்பி, அவர்தம் பாட்டுக்களைக் கேட்டுப் பதிவு செய்யச் சொல்வது, யாப்பிலக்கணப் பாடத்தின் ஒரு பகுதியாகவே ஆகவேண்டும்.

பாட்டு விதியாலா, இயல்பாலா என்று கேட்பவருக்கு நாம் கூறத்தக்க விடை இதுவே. செவியிற் படிந்த விதி பாட்டைத் தொடங்குகின்றது. நூலில் எழுதிய விதி அதனைத் திருத்துகின்றது. இவ்விரண்டும் தர இயலாத தேவையைப் பாடுவோனின் வாழ்வு தருகின்றது. தேவையை ஆசிரியர் உண்டாக்கித் தர இயலாது. திருத்தும் முறையை எப்போது வேண்டுமாயினும் கற்பிக்கலாம். செவியை மட்டும் இளமையிலேயே பழக்குதல் வேண்டும். அதற்குரிய முதியோர் நம்மிடையே இருக்கும்போதே பழக்குதல் வேண்டும்.